சாஸ்தா வரை ஒரு நெடுஞ்சாலை

தொண்ணூற்றேழாம் வருஷம் பங்குனி உத்திரத்தன்று சுனையடி சாஸ்தாவின் நெஞ்சில் யாரோ சிவப்பாகப் பூசியிருந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்த வடிவம்மாள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அதைக் குங்குமம் என்றே நினைத்தாள். யாரோ நேர்ந்துகொண்டு வந்து கை நிறைய அள்ளிப் பூசியிருக்கிறார்கள், நம் வீட்டில் ஒரு சந்தனக் கட்டை வாங்கவே நாள் பார்க்கிறோம் என்று கணவர் காதில் விழும்படி சொன்னாள். கைலாசம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். குங்குமத்தால் யாரும் சாமி மேல் கிலோமீட்டர் எழுதுவதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறியும் இருந்தது. அது நேராகச் சுனையைக் காட்டியது.

ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வெண்கலப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த காஜா முகைதீனுக்குத்தான் விஷயம் விளங்கியது. வருஷா வருஷம் இந்தக் குடும்பத்தை மலைக்கு ஏற்றி வருகிறவர் அவர். சாமி கும்பிடுவதில்லையே தவிர, பானை தூக்குவதிலும் விறகு பொறுக்குவதிலும் சொந்தக்காரர்கள் எல்லாம் அவருக்குப் பிறகுதான்.

“அண்ணாச்சி, இது ரோட்டுக்காரங்க பெயிண்டு. மைல்கல்லுக்கு அடிக்கது. மழைக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது,” என்றார்.

கைலாசத்துக்கு அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை. தாத்தா காலத்தில் ஆற்றங்கால் நஞ்சை கொஞ்சம் இருந்தது. அது போன வழியைப் பற்றி அவர் பேச மாட்டார். மிஞ்சியது கடையும் இந்தச் சாஸ்தாவும்தான். திருநெல்வேலிச் சீமையில் ஒரு குடும்பத்துக்குச் சொந்த வீடு இல்லாமல் இருக்கலாம், சாஸ்தா இல்லாமல் இருக்கக் கூடாது. வருஷம் முழுக்க எந்தக் கோயிலுக்கு வேண்டுமானாலும் போகலாம். உத்திரத்தன்று அவரவர் சாஸ்தா முன்னால் அவரவர் பானை பொங்கியாக வேண்டும். கைலாசம் வீட்டாருக்கு அதில் கூடுதலாக ஒரு கட்டுப்பாடும் உண்டு. அரிசி, வெல்லம், பானை, தேங்காய் எல்லாம் வீட்டிலிருந்து சுமந்து போகலாம். தண்ணீர் மட்டும் ஒரு சொட்டுக்கூடக் கொண்டுபோகக் கூடாது. அது சாஸ்தாவின் பங்கு. பாறை இடுக்கிலிருந்து ஊறி, கோடையிலும் ஒரு சாண் ஆழத்துக்குக் குறையாமல் கிடக்கிற அந்தச் சுனைத் தண்ணீரில்தான் பொங்க வேண்டும். பிறந்த பிள்ளைக்கு முதல் முடி இறக்கினால் அதில்தான் குளிப்பாட்ட வேண்டும். சாஸ்தா என்று பார்த்தால் முழங்கால் உயரக் கல். மேலே கூரை கிடையாது, ஒரு நாவல் மரத்து நிழல்தான். பெருமையெல்லாம் சுனைக்கே.

ஆகவே கைலாசத்துக்குக் கவலை வந்தது. கல்லின் மேல் எழுதியதைச் சந்தனத்தைக் குழைத்து மறைத்துவிட்டார். அம்பு காட்டிய இடத்தை எதைக் கொண்டு மறைப்பது என்று தெரியவில்லை.

மலையைக் குடைந்து மலையாளக் கரைக்கு ஒரு நெடுஞ்சாலை வரப்போகிறது என்பது பேப்பரில் வந்த செய்திதான். அதற்கென்றே மலைவழி நெடுஞ்சாலைத் தனிக்கோட்டம் என்று ஓர் அலுவலகத்தைப் பாளையங்கோட்டையில் திறந்திருந்தார்கள். அலுவலகத்துக்குப் போகிற தெருவில் ரோடு கிடையாது. மழை பெய்தால் உத்தியோகஸ்தர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேட்டியையும் பேண்ட்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு போவார்கள். உள்ளே போய்க் கால் கழுவிவிட்டு மலையில் ரோடு போடுவார்கள்.

அங்கே கைலாசத்தை உட்காரச் சொன்ன ஒரே ஆள் நேசையா. மலையை அளந்து கணக்கெடுக்கும் வேலை அவருடையது. உவரிக்காரர். கடலைப் பார்த்து வளர்ந்தவரை மலையில் போட்டுவிட்டார்கள். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் மலையின் பெரும்பகுதியைக் கீழே நின்றே அளந்திருந்தார். நல்ல மனிதர், அதையும் அவரேதான் சொன்னார்.

கைலாசம் சுனையைப் பற்றி விவரமாகச் சொல்லி, ரோட்டைக் கொஞ்சம் ஒதுக்கிப் போடக் கூடாதா என்று கேட்டார். சுனைக்கு மேலே இருக்கிற பாறையை உடைத்தால் ஊற்றுக்கண் போய்விடும் என்றார். நேசையா ஒரு பெரிய தாளை விரித்தார். வழியில் குறுக்கிடுபவை என்று தலைப்பு. அதன் கீழே மரம், பாறை, கட்டடம், வழிபாட்டுத் தலம், கல்லறை என்று கட்டங்கள்.

“சுனைக்குக் கட்டம் இல்ல அண்ணாச்சி,” என்றார் வருத்தத்தோடு. “சாமிய நான் எழுதிட்டேன். கல் ஒண்ணுன்னு போட்டிருக்கேன். தண்ணி எங்க துறை இல்ல.”

தண்ணீர் எந்தத் துறை என்று கைலாசம் அடுத்த மூன்று மாதம் தேடினார். பாசனத்தைப் பார்க்கிற அலுவலகத்தில், தண்ணீர் ஆற்றில் வந்து சேர்ந்த பிறகுதான் அது தண்ணீர், அதுவரைக்கும் அது மலை என்று சொல்லிவிட்டார்கள். காட்டைப் பார்க்கிற அலுவலகத்தில், காட்டுக்குள் இருக்கிற தண்ணீரெல்லாம் வனவிலங்குகளின் உபயோகத்துக்கு என்றும், அவர் எந்த விலங்கின் சார்பாக வந்திருக்கிறார் என்றும் கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்கள். கோயில்களைப் பார்க்கிற அலுவலகத்தில் உண்டியல் உண்டா என்று விசாரித்தார்கள். இல்லை என்றதும், அப்படியானால் அது சாமிதானா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும் என்றார்கள். கைலாசம் ஒவ்வோர் இடத்திலும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். கடையைப் பார்க்க ஆள் இல்லாமல், பாதி நாள் வடிவம்மாளே போய் உட்கார்ந்து குடம் விற்றாள்.

இந்தச் சமயத்தில்தான் தனி அலுவலர் ஞானசம்பந்தன் நேரில் வந்து இடத்தைப் பார்வையிடப் போகிறார் என்று நேசையா சொல்லி அனுப்பினார். தனிக்கோட்டத்துக்கு அவர்தான் தலைமை. கைலாசத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய அதிகாரி, சைவ வீட்டுப் பிள்ளை, சுனையைக் கண்ணால் பார்த்தாரென்றால் அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது? அன்றைக்குத் தனியாக ஒரு பொங்கல் வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

“வருத ஆளு ரோடு போட வருதாரா, விட வருதாரா? அது தெரியாம எதுக்குங்க பானையத் தூக்கணும்?” என்று வடிவம்மாள் கேட்டாள்.

“ஏளா, நம்ம சாமி இடத்துக்கு வருத மனுசனுக்கு மரியாதை செய்யலைன்னா நல்லாவா இருக்கும்?” என்றார் கைலாசம்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பானை கொதிக்கிற நேரத்தில் வந்தவன் யாரானாலும் சாப்பிடாமல் போகக் கூடாது, வந்தவர்களில் பெரிய ஆளுக்கு முதல் மரியாதையாகத் தலையில் பரிவட்டம் கட்ட வேண்டும் என்பது அந்தச் சாஸ்தா சன்னதியின் முறை. ஒருமுறை காட்டுக்குள் நெருப்பு மூட்டியதற்காகப் பிடிக்க வந்த காவலருக்கே பரிவட்டம் கட்டி, இலை போட்டு, வடிவம்மாள் இரண்டாம் தடவை பொங்கலும் வைத்தாள். சாப்பிட்டு முடித்த மனிதர் எதற்கு வந்தோம் என்பதை மறந்து விபூதி வாங்கிக்கொண்டு போனார். மரியாதை செய்தால் மனிதன் இளகுவான் என்று கைலாசம் நம்பியதற்கு இப்படி நிறையச் சாட்சி இருந்தது. கோப்பு வைத்திருக்கிற மனிதனைப் பற்றி அவருக்கு அனுபவம் போதாது.

ஞானசம்பந்தன் வந்தார். உதவியாளர்கள் இரண்டு பேர் முன்னாலும் இரண்டு பேர் பின்னாலுமாக அவரை மலை ஏற்றினார்கள். சிவந்த மேனி, நெற்றி நிறையத் திருநீறு, குரல் மணி மாதிரி. சாஸ்தா முன்னால் நின்று கண்ணை மூடித் தேவாரம் ஒன்று முழுசாகப் பாடினார். வடிவம்மாளுக்கே கண் கலங்கிவிட்டது. கைலாசம் சிவப்புப் பட்டை அவர் தலையில் சுற்றிப் பரிவட்டம் கட்டினார். கூட வந்த போட்டோக்காரர் அதைப் பல கோணங்களில் எடுத்தார். ஒரு கோணம் சரியாக வரவில்லை என்று இன்னொரு தடவை கட்டச் சொன்னார். கைலாசம் அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

பிறகு அதிகாரி சுனைத் தண்ணீரைக் கை நிறைய அள்ளிக் குடித்தார். இந்த மாதிரித் தண்ணீரைத் தாம் எங்கேயும் குடித்ததில்லை என்றார். இயற்கையை மனிதன் பேராசையால் அழித்துக்கொண்டிருக்கிறான், வருங்காலச் சந்ததிக்கு நாம் எதை விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்று உதவியாளர்களைப் பார்த்துக் கேட்டார். உதவியாளர்கள் தலை குனிந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக நாலு கேனில் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கைலாசத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இறங்கி வரும்போது, சுனை தப்பித்துவிட்டது என்று காஜாவிடம் சொன்னார். காஜா கேன்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த தை மாதம் அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. இப்படி ஒரு கூட்டம் நடத்தியே ஆக வேண்டும் என்று டெல்லியிலிருந்து புதிதாகச் சட்டம் வந்திருந்தது. மக்களைக் கேட்க வேண்டும் என்றுதான் சட்டத்தில் இருந்தது. கேட்ட பிறகு என்ன செய்ய வேண்டும் என்று இல்லை. தனிக்கோட்டத்தார் சட்டத்தை மீறுகிறவர்கள் அல்லர். வாசலில் வாழைமரம், பன்னீர்ச் செம்பு, மேடையில் குத்துவிளக்கு. கூடவே மேடையின் முழு அகலத்துக்கும் ஒரு படம். அதில் கைலாசம் ஞானசம்பந்தனுக்குப் பரிவட்டம் கட்டிக்கொண்டிருந்தார். ‘மலைச்சாலையைப் பரிவட்டம் கட்டி வரவேற்கும் மலைவாழ் மக்கள்’ என்று கீழே பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

கைலாசம் வாசலிலேயே நின்றுவிட்டார். கடைத்தெருவில் பாத்திரம் விற்கிற மனிதர், மண்டபத்துக்குள் நுழைவதற்குள் மலைவாழ் மக்களாகிவிட்டார். தெரிந்தவர்கள் எல்லாரும் தோளைத் தட்டி வாழ்த்தினார்கள். அண்ணாச்சிக்கு மேலிடத்தில் இவ்வளவு செல்வாக்கு இருப்பது தெரியாமல் போயிற்றே என்றார் எதிர்க்கடைக்காரர்.

ஞானசம்பந்தன் பேசினார். தமக்குச் சாலை முக்கியமல்ல, மனித மனங்களை இணைப்பதே முக்கியம் என்று தொடங்கினார். மேற்கில் இருக்கிறவனும் கிழக்கில் இருக்கிறவனும் ஒருவரையொருவர் பார்க்காமலே இத்தனை காலம் இருந்ததற்குக் காரணம் இந்த மலை. ஒரு மலை நடுவில் நின்று மனிதர்களைப் பிரிப்பதை நாகரிக சமுதாயம் அனுமதிக்கக் கூடாது. காட்டைப் பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். அவர்களைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவர் தாம். வெட்டப்படும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்து மரம் நடப்படும். மலையில் இடம் போதாது என்பதால் அவை கடற்கரையில் நடப்படும். யானைகளைப் பற்றிக் கேட்கிறார்கள். யானை இன்றைக்கு எவ்வளவு சிரமப்பட்டு மேடு பள்ளங்களில் ஏறி இறங்குகிறது? அதற்கும் சரிவு குறைந்த, அகலமான ஒரு பாதை வேண்டாமா? யானைகள் கடக்கும் இடங்களில் வெள்ளைக் கோடு போடப்படும். எல்லை தாண்டி வருகிற யானைகளுக்காக மலையாளத்திலும் பலகை வைக்கப்படும்.

பலத்த கைதட்டல். பலகையைப் பற்றிச் சொன்னபோது கை தட்டியவர்களில் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பலரும் இருந்தார்கள்.

ஆட்சேபம் உள்ளவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசலாம் என்று அறிவித்தார்கள். வடை பாயசத்தோடு சாப்பாடு. அதற்குப் பிறகு மண்டபத்தில் ஆட்சேபம் என்று மிஞ்சியது இரண்டு பேர்தான். முதலில் காஜா முகைதீன் எழுந்தார். சாலை வந்தால் ஜீப் வைத்திருக்கிற உங்களுக்குத்தானே லாபம் என்று ஞானசம்பந்தன் அன்பாகக் கேட்டார்.

“ரோடு வந்தா பஸ்ஸு வந்துருமே சார். பாதை மோசமா கெடக்கதுனாலதான் என்னையக் கூப்பிடுதாங்க. அது கெடக்கட்டும். அந்த மலையில கைய வச்சா கீழ ஆத்துல என்ன வரும்னு யாராவது பாத்தாங்களா?” என்றார் காஜா.

ஞானசம்பந்தன் பக்கத்தில் இருந்தவர் குறிப்பெடுத்தார். ‘வாகன உரிமையாளர் ஒருவர் பேருந்து வசதி கோரினார்’ என்று அது பின்னால் அச்சில் வந்தது.

கைலாசத்தின் முறை வந்தது. தாம் பரிவட்டம் கட்டியது ரோட்டுக்கு அல்ல, வந்த மனிதருக்கு என்று சொன்னார். சாஸ்தாவைவிடச் சுனை பெரிது, அதற்கு மேலே வேட்டு வைத்தால் எல்லாம் போச்சு, சுனையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஞானசம்பந்தன் எழுந்து மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார். அவர் கண்களில் நீர் ததும்பியது. அது நிஜக் கண்ணீர் என்பதில் சந்தேகமில்லை.

“என் தலையில் பரிவட்டம் ஏற்றிய சாஸ்தா ஐயா அவர். அவர் மேல் ஒரு தூசி விழ நான் சம்மதிப்பேனா? சாலை அழிந்தாலும் அழியட்டும், சாஸ்தா அசைய மாட்டார். இது இந்த ஞானசம்பந்தனின் வாக்கு,” என்றார்.

மண்டபம் அதிர்ந்தது. எதிர்க்கடைக்காரர் கைலாசத்தைக் கட்டிப்பிடித்தார். சுனை என்று கைலாசம் திரும்பச் சொன்னது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. ‘கோயிலைப் பாதுகாக்கக் கோரினார், ஏற்கப்பட்டது’ என்று அதுவும் அச்சில் வந்தது. அவர் வாழ்நாளில் ஓர் அரசாங்க அலுவலகம் அவர் கேட்டதை ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் அவர் கேட்காததை ஏற்றுக்கொண்டார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். வடிவம்மாள் ஒரு யோசனை சொன்னாள். கல்லாக இருந்தால்தானே அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது, சுனைக்கரையிலும் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, துண்டைக் கட்டிவிட்டால் என்ன என்றாள். கைலாசத்துக்கு மனசு ஒப்பவில்லை. இல்லாத சாமியை உண்டாக்குவது பாவம் என்று இரண்டு நாள் மறுகினார். கடைசியில் அவளும் காஜாவும் சேர்ந்து இழுத்துப்போக, ஆற்றிலிருந்து எடுத்த ஒரு கூழாங்கல்லைக் கொண்டுபோய்ச் சுனைக்கரையில் வைத்து, மன்னித்துக்கொள் என்று சாஸ்தாவிடமும் அந்தக் கல்லிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் தனிக்கோட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. நேசையாவால் இவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மலையில் உள்ள தெய்வங்களைக் கணக்கெடுத்து முடித்துவிட்டார்கள். கணக்கெடுப்புக்குப் பிறகு தோன்றும் தெய்வங்கள் ஆக்கிரமிப்பாகக் கருதப்படும். சுனைக்கரையில் தோன்றியது காட்டு நிலத்தில் அனுமதியில்லாமல் குடியேறிய தெய்வம். அதன் முந்தைய இருப்பிடம் எது என்று விசாரணை நடந்தது. ஆறு என்று கைலாசம் உண்மையைச் சொன்னார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெய்வத்தை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் அதன் சொந்த இடத்தில் இறக்கிவிட்டு, இறக்கியதற்குச் சாட்சியாகக் கைலாசத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

“மொதல்லயே சொல்லியிருந்தீகன்னா நானே ரெண்டு சாமியா எழுதியிருப்பேன் அண்ணாச்சி. இப்ப எங் கையில இல்ல,” என்றார் நேசையா பைய.

ஆனி மாதம் வேலை தொடங்கியது. ஞானசம்பந்தன் வாக்குத் தவறவில்லை. சாஸ்தாவைச் சுற்றி நாலு பக்கமும் சிமெண்ட் சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு இடைஞ்சலாக நின்ற நாவல் மரத்தை வெட்டினார்கள். நிழல் போய்விட்டதால் மேலே தகரக் கூரை போட்டார்கள். வேலை நடக்கும்போது தூசி படாமல் இருக்க, சாஸ்தாவுக்கு ஒரு சணல் சாக்கைச் சுற்றிக் கட்டினார்கள். வேட்டுச் சத்தம் கேட்டு அவர் அதிர்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வேட்டுக்கும் முன்னால் ஒரு சூடம் கொளுத்தச் சொல்லி எழுத்து மூலம் உத்தரவு இருந்தது. காண்டிராக்டரின் ஆட்கள் சூடம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டு சுனைக்கு மேலே இருந்த பாறையைப் பிளந்தார்கள்.

கைலாசம் வாராவாரம் போய்ப் பார்த்தார். முதலில் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்தில் வந்தது. பிறகு தெளிந்தது, ஆனால் குறைந்தது. அப்புறம் கை வைத்தால் ஈரம் மட்டும் தெரிந்தது. ஐப்பசி மழை கொட்டித் தாமிரபரணி கரை புரண்டு ஓடிய வாரத்திலும் சுனை நிறையவில்லை. மலையிலிருந்து வந்த தண்ணீரெல்லாம் புதிதாக வெட்டிய ரோட்டின் மேல் ஓடி, ரோட்டையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, வேறு பக்கம் இறங்கிப் போயிற்று. கைலாசம் வறண்ட குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். காஜா கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு, ஜீப்பை எடுக்கப் போகிறேன் என்று சொல்லி இறங்கிவிட்டார். அழுகிற மனிதனைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்குத் தெம்பு இல்லை.

இதற்கிடையில் தனிக்கோட்டத்தில் ஒரு சிறிய சிக்கல் வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து அரசாங்கத்துக்கு இப்படி ஒரு சாலை வருகிறது என்று யாரும் எழுதவில்லை. ஒவ்வொருவரும் இன்னொருவர் எழுதியிருப்பார் என்று இருந்துவிட்டார்கள். அவசரமாக எழுதிக் கேட்டதில், அந்தப் பக்கம் செங்குத்துப் பாறை, ரோடு போடுகிற உத்தேசம் எங்களுக்கு இல்லை என்று பதில் வந்தது. டெல்லியிலிருந்தும் மேற்கொண்டு காட்டுக்குள் போகக் கூடாது என்று தடை வந்துவிட்டது. ரோடு அப்போது எட்டியிருந்த இடம் சுனையடி சாஸ்தா. அதற்கு மேல் ஒரு முழம்கூடப் போக முடியாது.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். ஞானசம்பந்தன் கோப்பை வரவழைத்துத் தலைப்பை மாற்றினார். மலையாளக் கரை வரை என்று இருந்த இடத்தில் சாஸ்தா கோயில் வரை என்று எழுதினார். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பங்குனி உத்திரத்தன்று திறப்பு விழா என்று அழைப்பிதழ் வந்தது. நன்றியுரை திரு. கைலாசம் என்று அதில் போட்டிருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை.

உத்திரத்தன்று கார்களும் பஸ்களும் வரிசையாக மலை ஏறின. காஜாவின் ஜீப்பைத் தனியார் வாகனம் என்று அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அரிசியையும் வெல்லத்தையும் பானையையும் சுமந்துகொண்டு கைலாசமும் வடிவம்மாளும் அரசாங்க பஸ்ஸில் நின்றுகொண்டே போனார்கள். இத்தனை வருஷம் இல்லாத கூட்டம். சாஸ்தாவுக்குச் சீரியல் விளக்குப் போட்டிருந்தார்கள். கம்பிக் கதவும் பூட்டும் புதிதாக வந்திருந்தன. சாவி பாளையங்கோட்டையில் இருக்கும் என்று ஒரு பலகை சொன்னது. ஓரமாக ஒரு தண்ணீர் லாரி நின்றது. பொங்கல் வைக்கிறவர்கள் அதில் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள்.

வடிவம்மாள் அடுப்புக்குக் கல் கூட்டவில்லை. காய்ந்து கிடந்த சுனைக்குப் பக்கத்தில் வெறும் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். லாரிப் பையன் ஒருவன் அவளுக்கு உதவுகிறேன் என்று ஒரு வாளித் தண்ணீரோடு வந்தான்.

“வேண்டாம்யா. இதுல வச்சா சோறுதான் வேகும். பொங்கல் ஆகாது,” என்று அவனைத் திருப்பி அனுப்பினாள்.

மேடையில் ஞானசம்பந்தன் முழங்கிக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்த அரசாங்கமாவது ஒரு குடும்பத்தின் குலதெய்வத்துக்காக நெடுஞ்சாலை போட்டது உண்டா என்று கேட்டார். வளர்ச்சி வேண்டுமா, வழிபாடு வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். எந்தச் சாலையும் ஓர் ஊருக்குப் போகும். இந்தச் சாலை மட்டுமே கடவுளிடம் போகிறது. அதற்கு மேல் போவதற்கு எந்த இடமும் இல்லை, தேவையும் இல்லை. கூட்டம் மெய்ம்மறந்து கேட்டது.

நன்றியுரைக்குக் கைலாசத்தைக் கூப்பிட்டார்கள். மேடைக்கு வந்து மைக்கைப் பிடித்தார். மேடையில் இருந்த ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். அப்படித்தான் அவரை வளர்த்திருந்தார்கள். பிறகு ஞானசம்பந்தன் பக்கம் திரும்பினார்.

“ஐயா, எங்க முன்னோரு தாகத்துக்குத் தண்ணி தேடி வந்து, இங்கன தண்ணி கண்டதுனாலதான் இந்தக் கல்ல இங்கன வச்சாங்க. சாமி இருந்ததுனால தண்ணி வரல. தண்ணி இருந்ததுனாலதான் சாமியே வந்தாரு. இப்போ தண்ணி இல்ல. இனி அவருக்கு இங்கன என்ன வேலை? கதவத் தொறந்து குடுத்தீகன்னா நான் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்,” என்றார்.

ஞானசம்பந்தன் புன்னகையோடு எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டுக்கொண்டு மைக்கை வாங்கினார். இந்தப் பக்தி அல்லவா நம் நாட்டின் செல்வம் என்றார். கைலாசம் ஐயாவின் பாசம் தமக்குப் புரிகிறது. ஆனால் சாஸ்தாவை எடுத்துக்கொண்டு போய்விட்டால் இவ்வளவு பெரிய சாலை எங்கே போகிறது என்று தணிக்கைக்காரர்கள் கேட்பார்களே, தாம் என்ன பதில் சொல்வது? சாஸ்தா இனி ஒரு குடும்பத்துக்கு மட்டும் சொந்தமில்லை. அவர் இந்த நெடுஞ்சாலையின் எல்லை. அரசாங்கம் அவரைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டது. கைலாசம் ஐயா வேலை நாட்களில் பத்து மணியிலிருந்து ஐந்து மணிக்குள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் வந்து கும்பிடலாம். அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

கூட்டம் கை தட்டியது. தாம் என்ன சொன்னோம், அவர் என்ன பதில் சொன்னார் என்று கைலாசத்துக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் சபையில் பெரிய மனிதர் பேசி முடித்திருக்கிறார், எல்லாரும் தட்டுகிறார்கள். மரியாதைக்கு அவர் கைகளும் எழுந்து பைய பையத் தட்டின. வெறும் பானையோடு மேடை ஓரத்துக்கு வந்திருந்த வடிவம்மாள் எட்டி அவர் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தினாள்.